பட்டியலில் விடுபட்டவர்கள்

ஆட்களை எண்ணத் தெரியாதவன் போட்டி நடத்தக் கூடாது. நான் நடத்தினேன். சம்பளம் வாங்கிக்கொண்டு, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, ஸ்வீடனில் ஓர் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் அதையே தொழிலாகச் செய்தேன். போட்டியாளர்கள் உலோக அயனிகள். களம், ஓடைத் தண்ணீரில் கரைந்து கிடக்கும் பழுப்புப் பொருள். அதை யார் பிடித்துக்கொள்கிறார், யார் யாரைத் தள்ளிவிடுகிறார் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. நான் சொன்னதில் பாதிக்கு மேல் தப்பு. அத்தனை தப்பும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒவ்வொரு முறையும் களத்தில் நின்றுகொண்டிருந்த யாரோ ஒருவரை நான் எண்ணாமல் விட்டிருந்தேன்.

விடுபட்டவர்களைச் சொல்வதற்கு முன் களத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்வீடனின் ஊசியிலைக் காட்டு ஓடைகள் செம்பழுப்பாக ஓடும். முதலில் பார்த்தபோது மேலே எங்கோ ஒரு சாயப்பட்டறை இருக்கிறது என்று நினைத்தேன். நம் ஊர் நினைப்பு. உண்மையில் அது காடே இறக்கிவிட்ட சாயம். உதிர்ந்த இலையும் பாசியும் சதுப்பில் காலங்காலமாக மக்கி, அதில் ஒரு பங்கு தண்ணீரில் கரைந்து வருகிறது. வேதியியலில் இதற்கு இயற்கைக் கரிமப் பொருள் என்று பெயர். அதன் பெரும்பகுதி ஹியூமிக் அமிலம், ஃபுல்விக் அமிலம் என்று இரண்டு கூட்டங்கள். அமிலம் கூடினால் வீழ்படிவாகிவிடுவது ஹியூமிக். எந்த நிலையிலும் கரைந்தே கிடப்பது ஃபுல்விக். இரண்டுமே ஒற்றை மூலக்கூறு அல்ல, ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாத ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளின் கலவை.

இந்தக் கலவையின் உடம்பெல்லாம் கார்பாக்சில், ஃபீனால் தொகுதிகள். அவை ஹைட்ரஜனை விட்டுவிட்டால் எதிர்மின்னேற்றம் பெறும். நேர்மின்னேற்றம் கொண்ட உலோக அயனிகள் அங்கே வந்து ஒட்டிக்கொள்ளும். வேதியியல் அறிஞர் பெர்சீலியஸ் இதே நாட்டில், போர்லா என்ற ஊற்றின் பழுப்பு நீரை ஆராய்ந்து 1833-இல் இரண்டு அமிலங்களைப் பற்றி எழுதினார். அவற்றைப் பிரித்தெடுக்க அவர் பயன்படுத்தியது தாமிர அசிட்டேட். அதாவது தாமிரத்துக்கும் இந்தப் பழுப்புக்கும் உள்ள ஒட்டுறவு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி. அதைப் புதிதாகக் கண்டுபிடிக்கப்போகிற முகத்தோடு நான் விமானம் ஏறினேன்.

கையில் ஒரு வரிசையும் இருந்தது. இர்விங், வில்லியம்ஸ் என்ற இருவர் 1948-இல் வெளியிட்டது. மாங்கனீசு, இரும்பு, கோபால்ட்டு, நிக்கல், தாமிரம் என்று பிணைப்பின் வலிமை ஏறிக்கொண்டே போய், துத்தநாகத்தில் இறங்கும். எம்.எஸ்சி. படித்தபோது மனப்பாடம் செய்தது. இரட்டை நேர்மின்னேற்ற அயனிகளுக்கான இந்த வரிசையைத் தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டினேன். தாமிரம் முதலிடம், மற்றவர்கள் பின்னால், போட்டி முடிந்தது. இவ்வளவு எளிய கேள்விக்கு ஏன் இத்தனை பேர் உதவித்தொகை தருகிறார்கள் என்று மனசுக்குள் கொஞ்சம் இரக்கம்கூடப் பட்டேன்.

முதலில் விடுபட்டவர் ஹைட்ரஜன்.

ஓடைகளில் போய் மாதிரி எடுத்து வந்தோம். 0.45 மைக்ரோமீட்டர் வடிதாளில் வடிகட்டினேன். பிறகு, நல்ல பிள்ளையாகப் பயின்ற பழக்கப்படி, ஒவ்வொரு குப்பியிலும் நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட்டு பி.எச். அளவை 2-க்குக் கீழே இறக்கினேன். மொத்த உலோகம் எவ்வளவு என்று அளக்க வேண்டுமானால் அதுதான் சரியான முறை. உலோகம் குப்பிச் சுவரில் ஒட்டாமல் கரைசலிலேயே நிற்கும். ஆனால் எனக்கு வேண்டியது மொத்தம் அல்ல. எது பிணைந்திருக்கிறது, எது தனியாகத் திரிகிறது என்பதுதான் கேள்வி. அமிலத்தை ஊற்றியதும் கோடிக்கணக்கான ஹைட்ரஜன் அயனிகள் உள்ளே பாய்ந்து, கார்பாக்சில் இடங்களையெல்லாம் பிடித்துக்கொண்டு, ஒட்டியிருந்த உலோகங்களில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிட்டன. அளந்து பார்த்தேன். கிட்டத்தட்ட எல்லாத் தாமிரமும் தனித் தாமிரம். இந்த ஓடைகளில் கரிமப் பிணைப்பே இல்லை என்று ஒரு குறிப்பு எழுதி மேற்பார்வையாளரிடம் நீட்டினேன். அவர் குறிப்பைப் படிக்கவில்லை. குப்பியை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

பி.எச். ஒரு படி இறங்கினால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு. 7-லிருந்து 4-க்கு வந்தால் ஆயிரம் மடங்கு. எந்த உலோகப் போட்டியிலும் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் இந்த ஆளை நான் நடுவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்டில் இதை மறப்பது இன்னும் வெட்கக்கேடு. ஸ்வாந்தே ஓடேன் என்ற மண்ணியல் அறிஞர் 1967-இல் டாகென்ஸ் நீஹெட்டர் நாளேட்டில் அமில மழையைப் பற்றி எழுதிய கட்டுரை ஊரையே உலுக்கியிருந்தது. ஐரோப்பியத் தொழிற்சாலைக் கந்தகம் மழையாக இறங்கி ஏரிகளை அமிலமாக்கியது. அமிலம் மண்ணிலிருந்து அலுமினியத்தைக் கரைத்துக்கொண்டு வந்தது. கரிமத்தோடு பிணைந்த அலுமினியம் மீனை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. தனியாகத் திரியும் அலுமினியம் செவுளில் படிந்து மூச்சை அடைத்துவிடும். யார் ஒட்டியிருக்கிறார், யார் விடுபட்டிருக்கிறார் என்ற என் கேள்வி ஒரு தலைமுறைக்கு மீன்களின் உயிர்க் கேள்வியாக இருந்த ஊர் அது. அங்கே போய் நான் குப்பியில் அமில மழை பெய்வித்திருக்கிறேன்.

இரண்டாவதாக விடுபட்டவர் கால்சியம். இவரை நான் தெரிந்தே விட்டேன்.

காரணம் வைத்திருந்தேன்: கால்சியம் பலவீனமான ஆள், ஃபுல்விக் அமிலத்தைத் தாமிரம் பிடிக்கும் பிடிக்கு முன் அதன் பிடி ஒன்றுமில்லை. சரிதான். ஆனால் எண்ணிக்கை என்று ஒன்று இருக்கிறதே! மாசுபடாத தண்ணீரில் தாமிரம் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் அளவில் இருக்கும். ஓரளவு கடினமான தண்ணீரில் கால்சியம் லிட்டருக்கு 40 மில்லிகிராம். அயனிகளாக எண்ணினால் ஒரு தாமிரத்துக்கு எதிரே அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கால்சியம். அமில ஏரிகளைத் தேற்ற ஸ்வீடன் அரசு 1970-களின் பிற்பகுதியிலிருந்து செலவு செய்து சுண்ணாம்பு கொட்டியது. படகிலும் ஹெலிகாப்டரிலும் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அப்படிச் சுண்ணாம்பு போட்ட ஏரித் தண்ணீரைத்தான் நான் கணினியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கால்சியம் என்ற கட்டத்தில் பூஜ்யம்.

காட்மியத்தின் கணக்கு தலைகீழாக வந்தது. காட்மியத்தின் பிடி அப்படியொன்றும் வலுவானது அல்ல. அது உட்காருவதும் பெரும்பாலும் கால்சியம் உட்காரும் அதே சாதாரண இடங்களில். கால்சியம் கூட்டமாக வந்தால் காட்மியம் எழுந்து போய்விடும். என் கணக்கில் அது சுகமாக உட்கார்ந்திருந்தது.

இதில் பாடம் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் பாதி பொய். அடுத்த தடவை எல்லாவற்றுக்கும் கால்சியத்தையே குற்றம் சொல்ல ஆரம்பித்தேன். தாமிர அளவு கணக்கோடு ஒத்துப்போகவில்லையா, கால்சியம்தான். மின்முனை தடுமாறுகிறதா, கால்சியம்தான். சோதனை வைத்துப் பார்த்தபோது கால்சியத்தை எவ்வளவு கூட்டினாலும், குறைந்த அளவில் இருந்த தாமிரம் லேசில் அசைந்து கொடுக்கவில்லை. அது உட்கார்ந்திருந்தது வேறு வகை இடம். பலவீனமானவன் என்று ஒருவரை ஒதுக்கியதும் நானே, பின்பு எல்லாப் பழியையும் அவர் தலையில் போட்டதும் நானே.

அந்த வேறு வகை இடத்தைப் புரிந்துகொள்ள எனக்கு இங்கிலாந்துக்காரர் ஒருவர் தேவைப்பட்டார். எட்வர்ட் டிப்பிங், விண்டர்மியர் ஏரிக்கரையில் இருந்த நன்னீர் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர். உலோகங்களும் ஹியூமிக் பொருளும் பிணைவதைக் கணிக்கும் அவருடைய நிரல் 1994-இல் வெளிவந்தது. அந்த ஏரியின் பெயரையே நிரலுக்கும் வைத்தார்கள். பின்னர் அந்த நிரலில் சேர்ந்த ஆறாம் மாதிரி, உலோகம் பிணையும் இடங்களைத் தரம் பிரிக்கிறது: 90.1 விழுக்காடு சாதாரணம், 9 விழுக்காடு வலுவானது, 0.9 விழுக்காடு மிக வலுவானது. நெதர்லாந்தின் வாகனிங்கன் குழுவினர் வேறு வழியில் போய், இடங்களின் வலிமையைத் தொடர்ச்சியான ஒரு பரவலாகவே எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் சொல்லும் சேதி ஒன்றுதான். நல்ல இடங்கள் மிகக் குறைவு. தாமிரம்போன்ற, கொஞ்சமாக இருக்கிற, வலுவாகப் பிடிக்கிற உலோகங்கள் தேடிப்போவது அந்தச் சில இடங்களை.

நானும் கணக்குப் போட்டேன். ஒரு லிட்டரில் கரைந்த கரிமக் கார்பன் 5 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஃபுல்விக் அமிலத்தில் ஒரு கிராம் கார்பனுக்கு ஏறக்குறைய 11 மில்லிமோல் கார்பாக்சில். ஆக லிட்டருக்கு 55 மைக்ரோமோல் இடம். தாமிரம் 0.016 மைக்ரோமோல்தான். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களுக்கு ஒரே ஒரு தாமிரம்! மிக வலுவான நூற்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்தால்கூட அரை மைக்ரோமோல், தாமிரத்தைப்போல் முப்பது மடங்கு. இவ்வளவு காலியிடம் இருக்கும்போது எதற்குப் போட்டி? யாரும் யாரையும் தள்ள வேண்டியதில்லை. நான் இப்படித்தான் ஒரு கருத்தரங்கில் பேசினேன். படம் போட்டு, அம்புக்குறி போட்டு.

முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் கையைத் தூக்கி ஒரே சொல் கேட்டார்: "இரும்பு?"

மூன்றாவதாகவும் நான்காவதாகவும் விடுபட்டவர்கள் இரும்பும் அலுமினியமும். பழுப்பு ஓடையில் இரும்பு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருப்பது சர்வ சாதாரணம். மோல் கணக்கில் அது 3.6 மைக்ரோமோல். அலுமினியம் 0.1 மில்லிகிராம் என்றால் அதுவும் கிட்டத்தட்ட அவ்வளவே. என் அரை மைக்ரோமோல் நல்ல இடத்துக்கு எதிரே மூன்று நேர்மின்னேற்றம் தாங்கிய இந்த இருவரும் சேர்ந்து ஏழு மைக்ரோமோல். காலி என்று நான் படம் போட்ட இடங்களில் பெரும்பாலும் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறது. டிப்பிங்கும் அவருடைய கூட்டாளிகளும் 2002-இல் காட்டியது இதைத்தான். இரும்பையும் அலுமினியத்தையும் சேர்க்காமல் கணக்குப் போட்டால் தாமிரம் இருப்பதைவிட அதிகமாகப் பிணைந்திருப்பதாக வரும். தண்ணீரில் தனித்துத் திரியும் தாமிரத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிடுவோம். அந்தக் கட்டுரை என் மேசையில்தான் கிடந்தது. அதன்மேல் காப்பிக் கோப்பை வைத்திருந்தேன்.

இதோடு பட்டியல் முடியவில்லை. ஓடைக்குச் சம்பந்தமே இல்லாத, நானாகக் கூட்டி வந்த போட்டியாளர்கள் அடுத்து வருகிறார்கள்.

காட்டு ஓடை நாளுக்கு நாள் மாறுகிறது, நம்பகமான பொருளில் சோதிக்கலாம் என்று முடிவு செய்து, சுவானி ஆற்று ஃபுல்விக் அமிலம் வாங்கினோம். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஓகிஃபனோக்கி சதுப்பிலிருந்து புறப்படும் கறுப்பு நீர் ஆறு அது. 1981-இல் தொடங்கிய பன்னாட்டு ஹியூமிக் பொருள் சங்கம் அந்த ஆற்று நீரிலிருந்து பிரித்தெடுத்து, உலகமெங்கும் ஒரே தரத்தில் ஆய்வு நடக்க வேண்டுமென்று விற்கிறது. மில்லிகிராம் கணக்கில் விலை. குளிர்காலத்து வறண்ட காற்றில் அந்த லேசான பழுப்புப் பொடி நிலைமின்சாரம் ஏறி, கரண்டியில் ஒட்டி, கையுறையில் ஒட்டி, தராசுத் தட்டைத் தவிர எல்லா இடத்திலும் ஒட்டியது. மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் நான் தராசை மறைத்துக்கொண்டு நின்றேன்.

பொடியைக் கரைத்தாயிற்று. பி.எச். அளவு 7.5-இல் அசையாமல் நிற்க வேண்டும். அலமாரியில் டிரிஸ் தாங்கல் கரைசல் இருந்தது. உயிர்வேதியியல் ஆட்கள் தினமும் பயன்படுத்துவது. எடுத்து ஊற்றினேன். தாமிரத்தைச் சேர்த்தேன். தனித் தாமிரம் அடிமட்டத்துக்குப் போனது. ஃபுல்விக் அமிலம் இவ்வளவு வலுவாகப் பிடிக்கும் என்று யாருமே எழுதவில்லையே! அந்த மகிழ்ச்சி அன்று மாலை வரை நீடித்தது. ஃபுல்விக் அமிலமே போடாத வெற்றுக் குடுவையிலும் தாமிரம் அதே மாதிரி காணாமல் போயிருந்தது. பிடித்தது டிரிஸ். அதற்கும் தாமிரத்துக்கும் நல்ல பிணைப்பு உண்டு. நார்மன் குட் என்பவரும் அவருடைய குழுவும் 1966-இலேயே புதிய தாங்கல் கரைசல்களைத் தேர்ந்தெடுத்தபோது, உலோகங்களோடு எப்படிப் பிணைகின்றன என்பதையும் ஓர் அளவுகோலாக வைத்திருந்தார்கள். களத்தைக் காவல் காக்க வைத்த ஆளே பரிசை எடுத்துக்கொண்டு போன கதை என்னுடையது.

அடுத்து துத்தநாகம். என்ன செய்தாலும் குறையாத, எந்தப் போட்டிக்கும் அஞ்சாத தனித் துத்தநாகம் என் அளவீடுகளில் நின்றது. இதற்கு ஒரு கோட்பாடும் தயாரித்தேன். பிறகு தெரிந்தது, அது என் ரப்பர் கையுறையிலிருந்து வந்துகொண்டிருந்தது. ரப்பரை வலுவாக்கும்போது துத்தநாக ஆக்சைடு சேர்ப்பார்கள். லிட்டருக்கு ஓரிரு மைக்ரோகிராம் தேடுகிறவனுக்கு ஒரு கையுறையே சுரங்கம். ஈயம் இதற்கு நேர்மாறு. கரைசலில் போட்ட ஈயத்தில் ஒரு பகுதி காணவில்லை. ஃபுல்விக் அமிலம் பிடித்துவிட்டது என்று எழுதினேன். அது கண்ணாடிக் குடுவையின் சுவரில் ஒட்டியிருந்தது. சுவர்கூடப் போட்டியாளர்! அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய பிளாஸ்டிக் குப்பிகளுக்கு மாறினேன். பழைய கண்ணாடிக் குடுவைகளில் பேனா வைத்திருக்கிறேன்.

விடுபட்டதிலேயே பொல்லாதவர் நேரம். அதை ஆள் என்று எண்ணவே எனக்குத் தோன்றவில்லை.

தாமிரம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் கரைசலில் அலுமினியத்தைச் சேர்த்து, ஒரு மணி நேரம் கலக்கி, அளந்தேன். தாமிரம் அதிகம் நகரவில்லை. அலுமினியம் தோற்றது என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு உலோக அயனியும் தன்னைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளைக் கட்டிக்கொண்டுதான் வருகிறது. அந்தத் தண்ணீரை உதறினால்தான் ஓர் இடத்தில் ஒட்ட முடியும். தாமிரம் நொடிக்கு நூறு கோடிக்கு மேற்பட்ட முறை தண்ணீரை மாற்றும். நிக்கல் நொடிக்குப் பத்தாயிரங்களில். அலுமினியம் நொடிக்கு ஏறக்குறைய ஒரு முறை. குரோமியத்துக்கு நாள்கணக்கு. அலுமினியமும் இரும்பும் ஹியூமிக் பொருளில் தங்கள் இடத்தைக் கண்டுபிடித்துச் சமநிலைக்கு வர நாள்கள் ஆகலாம். அதே குடுவையை ஒரு வாரத்துக்கு மேல் ஜன்னலோரம் மறந்து வைத்திருந்தேன். கழுவப்போகும் முன் சும்மா அளந்து பார்த்தால் தாமிரம் நன்றாகவே வெளியேறியிருந்தது. என் ஆய்வு வாழ்க்கையின் மிகச் சரியான சோதனை, நான் கழுவ மறந்த குடுவை.

அந்த ஊர்த் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில், "நம்மவர் ஒருவர் என்ன ஆராய்ச்சி செய்கிறார்" என்று என்னைப் பேசச் சொன்னார்கள். சுவானி ஆற்றையெல்லாம் சொன்னால் சர்க்கரைப் பொங்கல் ஆறிவிடும் என்று, ரயிலின் முன்பதிவில்லாப் பெட்டியை எடுத்துக்கொண்டேன். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதுதான் உலோகம் பிணைவது, பலசாலி வந்தால் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு உட்காருவான், அதுதான் போட்டி என்றேன். கைதட்டல் வந்தது. மகளைப் பார்க்க வந்திருந்த பெரியவர் ஒருவர், அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், சாப்பாட்டு வரிசையில் என் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, ஒரு சந்தேகம். சீட்டுல உட்கார்ந்திருக்கவங்களை எப்படி எண்ணுறீங்க? நான் வண்டிக்குள்ள போய்த்தான் எண்ணுவேன். நான் உள்ள நுழைஞ்சாலே நாலு பேர் இடம் மாறி உட்காருவான்."

நான் சொன்ன உவமையின் கதை அத்தோடு முடிந்தது. இத்துறையின் மொத்தத் தலைவலியே அதுதான். அமிலம் ஊற்றி எண்ணினால் எல்லாரும் இறங்கிவிடுகிறார்கள். தாமிர மின்முனையை உள்ளே விட்டால் அது வெளிச்சத்துக்குத் தடுமாறுகிறது. வாகனிங்கன்காரர்கள் ஒரு சவ்வு வைத்தார்கள். எதிர்மின்னேற்றம் கொண்ட ஹியூமிக் பொருளை அது ஒதுக்கிவிடும், தனியான அயனிகளை மட்டும் அந்தப் பக்கம் விடும். சமநிலை வந்ததும் அந்தப் பக்கத்தை அளந்தால் போதும், இந்தப் பக்கத்தைத் தொடவே வேண்டாம். பெரியவரிடம் இதைச் சொன்னேன். "அப்ப வெளிய நின்னு எண்ணுறீங்க" என்று கேட்டுக்கொண்டு வடையை எடுத்தார். என் உவமையில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. பெட்டியில் ஒருவன் உட்கார்ந்ததால் பக்கத்து இருக்கை மாறிப்போகாது. ஃபுல்விக் அமிலத்தில் மாறும். ஒவ்வோர் உலோகம் ஒட்டும்போதும் எதிர்மின்னேற்றம் குறைந்து, அடுத்தவரை இழுக்கும் வேகமும் குறையும். அதன் பிறகு நான் உவமை சொல்வதை நிறுத்திவிட்டேன். சங்கமும் கூப்பிடவில்லை.

பாதரசத்திலும் கை வைத்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கால்சியம், துத்தநாகம், இரும்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாதரசத்தைத் தள்ளப் பார்த்தேன். அது திரும்பியே பார்க்கவில்லை. இயற்கைத் தண்ணீரில் இருக்கும் நுண்ணளவுப் பாதரசம் கார்பாக்சிலைத் தேடிப்போவதில்லை. கரிமப் பொருளில் கொஞ்சமாக இருக்கும் கந்தகத் தொகுதிகளைத் தேடிப்போகிறது. நான் போட்டிக்கு அனுப்பியவர்கள் வேறு மைதானத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். இங்கே நான் ஆளை விடவில்லை, ஆடுகளத்தையே விட்டுவிட்டேன்.

இத்தனைக்கும் பிறகு என்னிடம் ஒரு நீண்ட பட்டியல் சேர்ந்தது. பி.எச். என்ன, கடினத்தன்மை என்ன, கரிமம் எவ்வளவு, இரும்பும் அலுமினியமும் எவ்வளவு, எத்தனை நாள் ஆயிற்று, எந்தக் குப்பி, எந்தக் கையுறை. மேசைக்கு மேலே இர்விங்கும் வில்லியம்சும் இருந்த இடத்தில் இந்தப் பட்டியலை ஒட்டினேன். "எது ஜெயிக்கும்?" என்று யாராவது கேட்டால் பதில் சொல்லாமல் கேள்வி கேட்கிற ஆளாக மாறினேன். இதில் எனக்குப் பெருமை உண்டு. வகுப்பில் மீன் செவுளைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது அந்தப் பெருமை உச்சத்துக்குப் போகும். பேகன்காப் என்பவர் 1983-இல் சொன்ன யோசனை அது. மீனின் செவுளும் உலோகம் பிணையும் ஓர் இடம்தான். தண்ணீரில் இருக்கும் கரிமப் பொருளும் செவுளும் ஒரே தாமிரத்துக்காக இழுபறி செய்கின்றன. கால்சியம் செவுளில் முந்தி உட்கார்ந்தால் தாமிரத்துக்கு அங்கே இடமில்லை, மீன் தப்பும். டி டோரோவும் மற்றவர்களும் இதை 2001-இல் முழு மாதிரியாக வளர்த்தார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2007-இல் நன்னீரில் தாமிரத்துக்கான அளவுகோலையே இதன்மேல் அமைத்தது. மொத்தத் தாமிரம் ஒரே அளவாக இருந்தாலும், மென்மையான தெளிந்த நீரில் மீன் சாகும், கடினமான பழுப்பு நீரில் பிழைக்கும். "மீனையும் போட்டியாளராக எண்ணுங்கள்" என்று மாணவர்களுக்குப் பலகையில் எழுதிப் போடுவேன்.

ஊருக்குத் திரும்பிவந்த பிறகு ஒருநாள் மாமா போனில் கூப்பிட்டார். தென்னந்தோப்புக் குட்டையில் பாசி மண்டிவிட்டது, மயில்துத்தம் போட வேண்டும். மயில்துத்தம் என்பது தாமிர சல்பேட். என் வாழ்நாள் உலோகம்! இத்தனை ஆண்டுப் படிப்பும் குடும்பத்துக்கு உதவப்போகிற நேரம் வந்துவிட்டது.

"மாப்ளே, எவ்வளவு போடலாம்?"

"மாமா, முதல்ல தண்ணி என்ன நிறம்?"

"தண்ணி நிறம்தான்."

"அப்படி இல்ல மாமா. மட்டை, இலை விழுந்து பழுப்பா இருந்தா போடுற துத்தத்துல பாதியை அந்தப் பழுப்பே பிடிச்சுக்கும். பாசிக்குப் போய்ச் சேராது. அப்புறம் உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா? சோப்பு நுரைக்குமா?"

"குட்டையில யாருடா சோப்பு போடுறா?"

பி.எச். கேட்டேன். அடியில் செம்மண்ணா என்று கேட்டேன், இரும்புக்காக. குட்டையின் நீள அகலமும் ஆழமும் கேட்டேன். தண்ணீரை வடிகட்டி அனுப்பச் சொன்னேன், கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், ரப்பர் கையுறை கண்டிப்பாக வேண்டாம் என்றேன். தாமிரம் சமநிலைக்கு வருவதைப் பற்றி நான் ஆரம்பித்தபோது, "சரி மாப்ளே, காப்பி ஆறுது" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் அத்தை சொல்லித்தான் மீதி தெரிந்தது. மாமா நேரே உரக்கடைக்குப் போயிருக்கிறார். மயில்துத்தம் வேண்டும், குட்டையில் பாசி என்றிருக்கிறார். கடைக்காரர் நிறம் கேட்கவில்லை, கடினத்தன்மை கேட்கவில்லை, இரும்பு கேட்கவில்லை. தராசில் கை வைப்பதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்டாராம்:

"உள்ள மீன் கிடக்கா?"

கிடந்தது. போன ஆடியில் மாமா விட்ட கெண்டைக் குஞ்சுகள். துத்தம் வாங்காமல் திரும்பிவந்து, கூலிக்கு இரண்டு ஆள் விட்டு, பாசியைக் கையால் வாரிக் கரையில் போட்டுவிட்டார். இந்தப் பொங்கலுக்குப் போனால் எனக்கு மீன் குழம்பு உண்டு என்று அத்தை சொல்கிறார். மாமா வேறு மாதிரி சொல்கிறாராம், அந்தக் குழம்பில் எனக்குப் பங்கு இல்லை என்று.